இரண்டாவது அடி

அக்கா,

அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரியாது என்று சொன்னேன். அந்தப் பாட்டை அனுப்பியவள் உங்கள் ஷெட்டிலேயே வேலை செய்கிறாள், கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் என்று சொல்லவில்லை. "வெளிநாட்டு ஆளுங்களா இருக்கும்க்கா" என்றேன். நீங்களும் நம்பினீர்கள்.

இன்று மதியம் ஸ்டுடியோ கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. ஒரே ஒரு சத்தம். மேசைமேல் இருந்த என் இரண்டு கைகளையும் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டேன். பிறகு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், இன்னொரு சத்தம் வரும் என்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நிகழ்ச்சி எப்படி வந்தது என்று உங்களிடம் நான் சொன்னதில்லை. தண்டலம் பக்கத்தில் நான் படித்த கல்லூரியிலேயே, அதன் சமுதாய வானொலியில் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு எவரும் கேட்பதில்லை என்பதால் அந்த ஒரு மணி நேரத்தை என்னிடம் விட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் பயிர்களுக்குப் பூச்சி மருந்து யோசனை, பின்னால் பக்திப் பாடல். நடுவில் நான் பங்க், மெட்டல் என்று காதைப் பிளக்கும் ராக் பாட்டுகள் போட்டேன். பெயர் தெரிந்த குழு எதையும் தொடமாட்டேன். சிலியில் கசாப்புக் கடை மாடியில் பதிவு செய்தவர்கள், ஒரே ஒரு கேசட்டை வெளியிட்டுவிட்டுக் காணாமல் போன மூன்று நேபாளப் பெண்கள் என்று வாரம் முழுக்கத் தேடி எடுப்பேன். யாரும் அறியாத பாட்டை யாரும் கேட்காத நேரத்தில் காற்றில் விடுவது எனக்கு ரகசியமான ஒரு சந்தோஷம்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டுடியோ போன் அடித்தது.

"இன்னா பாப்பா இது, மாட்ட வெட்ற மாதிரி கத்திகினு கீறான்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"இன்னாத்துக்கு சாரி? நிறுத்திடாத. இன்னொண்ணு போடு, இத்தவிட சத்தமா."

அடுத்தடுத்த வாரங்களில்தான் மற்றதெல்லாம் சொன்னீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் பிரஸ் ஷாப் வேலை, பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை அடிக்கும் மெஷின். கார்க் கதவுக்குள் போகும் தகடுகளைப் பதினோரு வருஷமாக அடித்து அடித்துக் காது பாதி போய்விட்டது. "மத்த பாட்டெல்லாம் பக்கத்து வூட்ல யாரோ பாடற மாதிரி கீது. உன்னுதுதான் உள்ள வந்து குந்துது." இயர்போன் ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றினால்தான் உங்கள் அறையில் எங்கள் அலை எடுக்கும் என்றீர்கள். உங்கள் பெயரை நான் கேட்கவில்லை, என் பெயரை நீங்களும் கேட்கவில்லை. ஸ்டுடியோ போனில் உங்கள் எண்ணை "சனி 3 மணி" என்று பதிந்து வைத்தேன்.

உங்கள் குரலை ஒரு தடவைகூட ஒலிபரப்ப முடிந்ததில்லை. வாக்கியத்துக்கு ஒரு கெட்ட வார்த்தையாவது இருக்கும். ஆனால் குழுக்களைப் பற்றி உங்களைப்போல் யாரும் எனக்குச் சொன்னதில்லை. "இந்த டிரம்முக்காரன் ஓ.டி. பாக்கறவன் மாதிரி, கடசீல கை தொங்கிப்போவுது" என்பீர்கள். மறுபடி போட்டுக் கேட்டால் அது சரியாகத்தான் இருக்கும்.

அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. குழுவின் பெயர் இரும்புச் சளி. குழு என்றால் என் தோழி ஒருத்திதான். உங்கள் ஷெட்டில் குவாலிட்டி பார்ப்பவள். போன் உள்ளே எடுத்துப் போகக் கூடாது. அவள் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோய், ஒரு மெஷினை ஒட்டி வைத்து அதன் சத்தத்தைப் பதிந்து, அதன்மேல் கிடார் வாசித்திருந்தாள். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள். சத்தியம் செய்தேன். பாட்டு முடிந்ததும் மைக்கில், "ஊர் பேர் தெரியாத குழு. பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்திருக்கலாம்" என்றேன். பனி பெய்யும் ஊர் என்பது அவள் கேட்காதது. அது நானாகச் சேர்த்தது.

அடுத்த பாட்டு தொடங்கியவுடன் கூப்பிட்டீர்கள். கெட்ட வார்த்தை இல்லை, சிரிப்பு இல்லை.

"பாப்பா, அத்த மறுபடி போடு."

போட்டேன். போனில் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

"அது டிரம் இல்ல. எங்க பிரஸ்."

"மெட்டல்னாலே பிரஸ் மாதிரிதானேக்கா இருக்கும்" என்று சிரித்தேன்.

"சிரிக்காத, கேளு. பெருசா ஒரு அடி வுழுது பாரு, அது பெடல மிதிச்சதுக்கு. பின்னாலயே சின்னதா இன்னொண்ணு வருதுல்ல? அத்த யாரும் மிதிக்கல. தானா எறங்குது. அந்த நேரத்துல கை உள்ள கீது, பாப்பா."

ஒரே மாதிரி ஒன்பது மெஷின், எல்லாம் சேர்ந்து ஓடும்போது எதன் சத்தமும் தனியாகத் தெரியாது என்றீர்கள். "உன் பாட்டுலதான் அது மட்டும் தனியா கேக்குது. யாரு எடுத்தது? எந்த மெஷினு? கேட்டு சொல்லு."

அப்போதுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் தோழியை அழைத்து எந்த மெஷின் என்று கேட்டேன். "ஏழுடி, ஏன்?" என்றாள். சொன்னேன். பயந்துவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாதடி, கார்டப் புடுங்கி வேலைய விட்டே தூக்கிடுவாங்க. மெயின்டனன்ஸ்ல நானே சொல்லிக்கிறேன்." திங்கட்கிழமை சொல்லியும் இருக்கிறாள். இரண்டு பேர் வந்து ஏழாவது மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்தப் பாட்டுக் கோப்பைக் கணினித் திரையில் திறந்தேன். ஒலி அலையில் உயரமாக ஒரு மேடு, சில இடங்களில் மட்டும் அதன் பின்னால் சின்னதாக இன்னொன்று. அதற்கு ஒழுங்கே இல்லை. பாட்டை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். காத்திருக்கும்போது அது வராது. கவனம் வேறெங்காவது போன நொடியில் வரும். இரண்டு தடவை உடம்பு தூக்கிப் போட்டது. கணினியை அணைத்துவிட்டேன்.

உங்கள் எண் ஸ்டுடியோ போனில்தான் இருந்தது. கூப்பிட்டு, யார் சொன்னது என்று சொல்லாமல் மெஷின் எண்ணை மட்டும் சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்திருந்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பாட்டுக்கு ஊர் இல்லாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி, தினமும் பஸ்ஸில் நான் தாண்டிப் போகும் ஒரு ஷெட்டிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டால் அதன் மாயம் போய்விடும். அடுத்த சனிக்கிழமை, இப்போதுதான் தெரிந்தது என்பதுபோலச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போன் ஒளிர்ந்தது. "சனி 3 மணி." ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவிடாமல் எடுத்தேன்.

"ஏழுக்கா. ஏழாவது மெஷின்."

பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுக்கும் சத்தம், நிறையப் பேர் தாழ்ந்த குரலில் பேசும் சத்தம்.

"இன்னா ஏழு? நீங்க யாரு?" ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எங்கம்மா போன்ல அலாரம் அடிச்சிகினே கீது. ரேடியோன்னு எழுதிகீது. சனிக்கெழமன்னா இந்த நம்பருக்குதான் பேசிகீது, அதான் அடிச்சேன். அம்மாவ நேத்தே எடுத்துட்டாங்க."

ரேடியோவிலிருந்துதான் பேசுகிறேன் என்றேன். என் பின்னால் பாட்டு முடிந்து, காற்றில் ஒன்றுமே போகாமல் இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

மீதியைத் தோழி சொன்னாள். அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து, நாளுக்கு ஒன்றிரண்டாக, டீ பிரேக்கில் ஒவ்வொரு மெஷினாகப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்களாம். உங்கள் காதை நீங்கள் நம்பவில்லை. "இன்னாக்கா, மெஷினுக்குக் காய்ச்சலா?" என்று கிண்டல் செய்தார்களாம். "ஆமா, ஒண்ணுத்துக்கு கீது. எதுக்குன்னுதான் பாத்துகினு கீறேன்" என்றீர்களாம். முதலாவதிலிருந்து வரிசையாக வந்திருக்கிறீர்கள். வியாழக்கிழமை ஏழாவது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தகடு வைக்கும் இடம்வரை கையை உள்ளே கொண்டுபோய், தலையையும் உள்ளே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பெடலை யாரும் மிதிக்கவில்லை, அது தானாக இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இப்போதும் சனிக்கிழமைகளில் பாட்டுப் போடுகிறேன். எந்தக் குழுவாக இருந்தாலும் முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பை அழிக்கவும் இல்லை, ஒலிபரப்பவும் இல்லை. போன வாரம் திறந்தேன். கிடார் ஓய்ந்து, கோடு தட்டையாக ஓடும் கடைசி விநாடிகளில் ஒரு சின்ன மேடு இருந்தது. முன்பு அங்கே எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒலியைக் கூட்டி அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, அக்கா.

அந்த மெஷினை மூன்று நாள் நிறுத்திவைத்தார்கள். கிளட்சை மாற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அப்போதும் ஏழில் உட்கார யாரும் முன்வரவில்லை. பெயின்டர் ஒருவர் வந்து ஏழு என்ற எண்ணை அழித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். திங்கட்கிழமை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை அதில் உட்காரவைத்தார்கள். முதல் ஷிப்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.