காந்திபுரத்தில் பிடித்த கை

கோட்டைமேடு,
மே 14

அன்பு மகள் ஹிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். இதை உனக்குப் படித்துக் காட்டப்போவது சாய்ப்ரியா டீச்சர் என்று தெரியும். டீச்சர், ஒரு வரியையும் விடாமல் படியுங்கள். என்னைத் திட்ட வேண்டிய இடம் வந்தால் முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

கண் தெரியாத பிள்ளைகளுக்கு அரசு நடத்தும் கோடைப் பயிற்சிக்கு நீ போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. அன்றிலிருந்து என்னால் தையல் மிஷினில் உட்கார முடியவில்லை கண்ணு. திங்கட்கிழமை ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டேன். சட்டைக்காரர் சிரித்தார். உன் அம்மா சிரிக்கவில்லை. "ஏனுங்க, புள்ள அங்க நல்லாத்தான இருக்குது, நீங்க எதுக்குக் கடைக்கும் ஊட்டுக்கும் நடந்துட்டே இருக்கறீங்க" என்று கேட்டாள்.

நேற்று டீச்சர் போன் செய்தார். காந்திபுரத்தில் குச்சியோடு நடக்கப் பழகும்போது யாரோ ஒரு ஆள் உன் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் ஓடிவிட்டானாம். அதிலிருந்து நீ அறையை விட்டு வெளியே வராமல், வீட்டுக்குப் போகணும் என்கிறாயாம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்த ஆள் நான்தான்.

அன்று நீங்கள் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவீர்கள் என்று தெரிந்து, கடையைச் சாத்திவிட்டு வந்தேன். வாசனையில் கண்டுபிடித்துவிடுவாய் என்று அத்தர்கூடப் போடவில்லை. பழக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். தட்டித் தட்டி நீ நேராகத்தான் போனாய். நடைமேடை விளிம்பில் குச்சி இறங்கியதும் நின்றுவிட்டாய். அந்த நேரம் உக்கடம் பஸ் திரும்பி உள்ளே வந்தது. நீ நின்றுவிட்டாய் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஓடிவந்து இழுத்துவிட்டேன். "யாருங்க, யாருங்க" என்று கேட்டாய். வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று, டீச்சர் கூட்டத்தை விலக்கி வருவதற்குள் ஓடிவிட்டேன். உன் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நீ வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது. பயிற்சியை முடித்துவிட்டால் பதினோராம் வகுப்புக்குத் தனியாகப் பஸ்ஸில் போவேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். உன் நடையில் ஒரு தப்பும் இல்லை கண்ணு. பயந்தது நான்.

கடைசி நாளில் காந்திபுரத்திலிருந்து வீடு வரை நீ தனியாக வர வேண்டுமாம். வா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன், தெருமுனைக்கும் வரமாட்டேன். அன்று காலையிலேயே என் செருப்பை எடுத்து ஒளித்து வைக்கும்படி உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அத்தர் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன். அல்லாஹ் உனக்குத் துணை இருப்பான். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். அந்தக் கோபத்தோடேயே நடந்து வந்து சேர்.

உன் குச்சிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்
அத்தா சிக்கந்தர்