பட்டியலில் விடுபட்ட பெயர்

ஜூன் 4, செவ்வாய்

மகள் மேரிமுக்கு இன்று ஒன்பது மாதம். இரண்டு பல். காய்ச்சல் இல்லை. இல்லை என்று தெரிந்தும் நான்கு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டிலிருந்தபடி அரை நாள் வேலை மறுபடி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. எங்கள் மென்பொருளுக்கு அலுவலகத்தில் ‘தைகன்’ என்று பட்டப்பெயர். எங்கள் நாட்டு மலை வேட்டைநாயின் பெயர். கணினிக்குள் விட்டால் மூலை முடுக்கெல்லாம் மோந்து, பாஸ்போர்ட் எண், மருத்துவச் சீட்டு, கையெழுத்து, பிறந்த தேதி என்று வெளியே போகக்கூடாதவற்றைக் கவ்விக்கொண்டு வரும். சிவப்பு என்றால் ஆபத்து. பூட்டு, அல்லது அழி. மஞ்சள் என்றால் ஒருமுறை பார். பச்சை என்றால் ஒன்றுமில்லை. அது எங்கே தப்பாக மோக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

இன்று ஒரு கேக் செய்முறையைச் சிவப்பு என்றது. மாவு, சர்க்கரை அளவையெல்லாம் பாஸ்போர்ட் எண் என்று நினைத்துவிட்டது. சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

தோக்மோக் ஊரிலிருந்து பெரியவர் குடும்பம் வந்திருந்தது. பெரியவர் என்றால் என் கணவன் எர்மெக்கின் அண்ணன். கூடவே அவர் மனைவி புருல்கான் அக்கா, அவர்கள் மகன் திலெக்.

திலெக்குக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. செப்டம்பரில் பள்ளிக்கூடம். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் எர்மெக் சொல்லிவிட்டான், எங்கள் பழைய லேப்டாப் இனி திலெக்குக்கு என்று. பையன் மேசையைச் சுற்றி மூன்று முறை ஓடினான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிந்தவில்லை.

அடுப்படிக்குப் பின்னாலேயே வந்தார் அக்கா. கோப்பை துடைப்பதுபோல் நின்றார்.

“அதுல பழசு எதுவும் இல்லையே?”

“இருக்கும் அக்கா. பார்க்கணும்.”

“நீ வேலை பார்க்கிறதே அதுதானே. சுத்தமா எடுத்துட்டுக் குடு. ஆனா மொத்தமா அழிச்சிராத, அவன் கைப்பிள்ளைப் படமெல்லாம் அதுலதான் கிடக்கு. என் போன் தொலைஞ்சதுலேர்ந்து எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல.” கோப்பையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “சைகல், அவன் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டான். ஏதாவது அவன் கண்ணுல பட்டுச்சுன்னா, அப்புறம் நாங்க இங்க எப்படி வந்து போறது? நீயே சொல்லு.”

அதாவது வரமாட்டார்கள். அவனைப் பார்க்க முடியாது.

சரி என்றேன். எனக்கு எளிதாக வரும் சொல் அது.

ஒரே ஒரு முறை இங்கே எழுதிவிடுகிறேன். இது காகித நோட்டு, எந்த நாயும் மோக்காது. திலெக் நான் பெற்றவன். எனக்கு இருபத்தொன்று அப்போது, கல்லூரிக் கடைசி வருடம். அவர்களுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. தம்பியின் முதல் பிள்ளை அண்ணன் வீட்டுக்குப் போவது எங்களில் உண்டு. யாரும் அதைத் தப்பாகப் பேசுவதில்லை. நான்காம் நாள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் தேர்வு எழுதினேன். தேறினேன்.

என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறான். முறை சரிதான்.

ஜூன் 11, செவ்வாய்

மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். கடைப்பெண் ரஷ்யக்காரி, புதிது. யாருக்கு, பெயர் என்ன என்றாள். மாமியாரின் மருந்து அட்டையை நீட்டினேன். “வாயால சொல்லுங்க அக்கா, டைப் அடிக்கணும்.” மறுபடியும் அட்டையையே நீட்டினேன். “கூட இருக்கிற மாமியார் பேர்கூடத் தெரியாதா?” என்று சிரித்தாள்.

தெரியும். வீட்டுக்கு வந்த மருமகள் மாமியார் பெயரையும் கணவனுடைய அண்ணன் பெயரையும் சொல்வதில்லை. அவளுக்கு எதற்கு இந்தக் கதை. எர்மெக்கின் பெயரை மட்டும் நகரத்துப் பழக்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 12, புதன்

தைகனை லேப்டாப்பில் விட்டேன். முதலில் அதற்கு வாசனை காட்ட வேண்டும். தேட வேண்டிய பெயர்களை நாமே அடிக்க வேண்டும். சைகல், எர்மெக், திலெக், மேரிம், புருல்கான். பிறகு எண்கள், மருத்துவமனை, நீதிமன்றம்.

அறுபத்தொரு சிவப்பு.

மருத்துவமனைச் சீட்டு. தாய்: சைகல். ஆண். 3,450 கிராம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: ‘இனி மீட்க முடியாது. உறுதியா?’ உறுதி. உறுதி. தடுப்பூசி அட்டை, முதல் பக்கம், என் பெயரோடு. உறுதி. நீதிமன்றத் தாள். உறுதி. ஐம்பத்திரண்டாவதில் மேரிம் எழுந்துவிட்டாள். மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே மீதி ஒன்பதை இடது கையால் முடித்தேன்.

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். பசித்தது. ரொட்டி தின்றேன்.

ஜூன் 13

பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன். காரணம் தெரியவில்லை. எரிவாயு அடுப்பை மூன்று முறை பார்த்தேன்.

ஜூன் 20, வியாழன்

கடைசிச் சோதனை. எல்லாம் பச்சை.

பச்சையில் ஒரு ஒலிக் கோப்பு. பெயர் கிடையாது, வெறும் தேதி. எனக்கு அந்தத் தேதி தெரியும். திறந்தேன்.

அழுகை. பதினொரு வினாடி. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே நின்று எர்மெக் பதிவு செய்தது. எடுத்ததே அவனுக்கு இப்போது நினைவிருக்காது.

தைகன் சொல்கிறது: இந்தக் கோப்பில் மறைக்க வேண்டிய தகவல் எதுவும் இல்லை.

பெயர் இல்லை, எண் இல்லை. அதன் கணக்கில் சரிதான். இதைப் பிழை என்று நான் எழுதிக் கொடுக்க முடியுமா?

என் போனுக்கு மாற்றிக்கொண்டு லேப்டாப்பிலிருந்து அழித்தேன். இது ஏமாற்றா? ஆபத்து என்று அது சொல்லவில்லையே.

ஜூலை 14, ஞாயிறு

லேப்டாப்பைக் கொடுத்தாயிற்று. மூடியில் குதிரை ஒட்டுப்படம் ஒட்டிவிட்டேன். “சித்தி, இதுல என் பேரு அடிக்கத் தெரியுமே எனக்கு” என்றான் திலெக். அடித்தும் காட்டினான், ஒரே விரலால், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி.

அக்கா வாசலில் என்னிடம், “வேற எதுவும் இல்லையே?” என்று கேட்டார்.

“இல்ல அக்கா.”

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 3

மேரிம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்துவிடுவாளோ என்று நாள் முழுக்கப் பின்னால் குனிந்தே நடக்கிறேன். இடுப்பு போயிற்று.

ஆகஸ்ட் 22

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

அக்கா படம் அனுப்பினார். வெள்ளைச் சட்டை, கையில் ஆசிரியைக்குக் கொடுக்கும் பூங்கொத்து. பூ அவன் முகத்தைப் பாதி மறைத்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். காது தெரிகிறது.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் அக்கா போன் செய்தார். வணக்கம் இல்லை, பிள்ளை எப்படி என்று விசாரிப்பு இல்லை.

“ஒண்ணை விட்டுட்ட.”

“என்னது அக்கா?”

“எனக்கென்ன தெரியும், வேணும்னே விட்டியா மறந்து விட்டியான்னு. சனிக்கிழமை வர்றேன்.” வைத்துவிட்டார்.

அறுபத்தொன்று. நான் எண்ணினேனே. அந்த ஒலியை லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டேன், அது நிச்சயம்— வேறென்ன? என்னத்தை விட்டேன் நான்? இனி வரமாட்டாங்க. அவ்வளவுதான். அவன் பெரியவனாகி எங்கேயாவது கடைத்தெருவில் என்னைத் தாண்டிப் போவான், யாரோ என்று.

மேரிமுக்குக் கஞ்சி ஆற்றினேன். ஆறிப்போன பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 21, சனி

முழுதாக எழுத வேண்டும் இதை.

அக்கா தனியாக வந்தார். கைப்பையில் லேப்டாப், மேலே ஒரு கிலோ ஆப்பிள். மாமியார் உள்ளே படுத்திருந்தார். நாங்கள் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

நடந்தது இதுதான். திலெக் வீட்டு ஆட்களின் பெயரையெல்லாம் தேடும் பெட்டியில் அடித்து விளையாடியிருக்கிறான். தன் பெயர், அம்மா, பூனை. பிறகு பாட்டியின் முழுப்பெயர். பேரனுக்கென்ன, சொல்லலாம், அடிக்கலாம். ஒரு கடிதம் வந்து நின்றிருக்கிறது. “அம்மா, பாட்டி பேரு இங்க இருக்கு” என்று பெருமையாகக் கூப்பிட்டிருக்கிறான். முதல் வரியைத் தாண்டி அவனுக்குப் படிக்க வரவில்லை. அக்கா வாங்கிக்கொண்டார்.

திறந்து காட்டினார். என் மாமியார் ஊராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தர். எதையும் தாளில் வைக்காமல் விடமாட்டார். நான் பார்த்ததே இல்லை இதை. திலெக் பிறக்க ஒரு மாதம் முன்பு இதே லேப்டாப்பில் அடித்தது. ‘என் இளைய மகனுக்குப் பிறக்கப்போகும் முதல் பிள்ளையை, ஆணானாலும் பெண்ணானாலும், என் மூத்த மகனுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தோம். மூத்த மருமகள் மூன்று முறை வந்து அழுது கேட்டாள். இளைய மருமகள் சம்மதித்தாள்.’ கீழே மாமியார் பெயர், பெரியவர் பெயர். வேறு பெயரே இல்லை. பிள்ளைக்கு அப்போது பெயர் ஏது?

“இதை எப்படி உன் நாய் விட்டுச்சு?” அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் ஒரு நாள் கண்டுபிடிக்கட்டும்னு நீதான் விட்டியோன்னு ரெண்டு ராத்திரி தூங்கல நான்.”

ஜூன் மாதப் பட்டியலைத் திறந்து காட்டினேன். ஐந்து பெயர். அக்கா விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிக்கு வந்து, மறுபடியும் மேலே போனார்.

“அத்தை பேரு இல்ல. அவர் பேரும் இல்ல.”

“அடிக்கலன்னே எனக்குத் தெரியல அக்கா.”

உண்மை அதுதான். கூடாது என்று நினைத்து விடவில்லை. விரலே அந்தப் பக்கம் போகவில்லை. சோதனையாளராம் நான், படித்தவளாம்.

 அக்கா லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

“சரி, இப்ப அடி. இன்னும் எத்தனை கிடக்கோ பார்ப்போம்.”

முதல் எழுத்தில் விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். “நீங்க அடிங்க அக்கா.”

“நானா? பதினெட்டு வருஷத்துல கனவுலகூட அந்தப் பேரைச் சொன்னதில்லடி.”

திரையில் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்காதான் முதலில் சிரித்தார். சத்தம் உள்ளே கேட்கக்கூடாதென்று தலைத்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கும் வந்தது. எத்தனை நாளாயிற்று, வயிறு வலிக்கச் சிரித்து.

தான் வேலை செய்யும் டைல்ஸ் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு எர்மெக் வரும் வரை காத்திருந்தோம். “என்ன ரெண்டு பேரும் திருடிங்க மாதிரி உக்காந்திருக்கீங்க” என்றான். நின்றபடியே அம்மாவின் பெயரையும் அண்ணனின் பெயரையும் ஒரே மூச்சில் அடித்தான். மூன்று சிவப்பு. இரண்டு ஓய்வூதியத் தாள். மூன்றாவது அந்தக் கடிதம். அதைப் படித்தவன் சாப்பிடாமல் வெளியே போய்விட்டான்.

அழிக்கும் பொத்தானுக்குப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அழிக்காத. பூட்டு.”

“நீங்கதானே அக்கா—”

“நான்தான். வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். பதினாறு வயசுல பாஸ்போர்ட் எடுப்பான், பிறப்புத் தாளெல்லாம் தோண்டுவாங்க. எப்பவாவது எவனாவது சொல்லத்தான் போறான். அன்னிக்கு இது இருக்கணும். நான் மூணு தடவை அழுது கேட்டேன்னு இதுல இருக்கு. உனக்கு வேண்டாம்னு நீ குடுத்ததா இதுல இல்ல.” கையை விட்டார். “ரெண்டுமே அவனுக்குத் தெரியணும்.”

கடிதத்தை லேப்டாப்பிலிருந்து எடுத்து, தைகனில் இருக்கும் ஒரு சின்ன மின்பெட்டகத்தில் பூட்டினேன். பாஸ்வேர்டில் பாதியை நான் அடித்தேன், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதியை அவர் அடித்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒருத்தி மட்டும் திறக்க முடியாது.

‘இளைய மருமகள் சம்மதித்தாள்.’ யாராவது என்னைக் கேட்டார்களா? கேட்டிருப்பார்கள். தலையாட்டியிருப்பேன். அந்த மாதத்தில் எனக்கு நினைவிருப்பது பாடப்புத்தக அட்டையின் நிறம் மட்டும்.

போகும்போது அக்கா ஆப்பிளை மேசையில் கொட்டினார். இந்த முறை வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 27

அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: ‘நம் ஊர் மருமகள்களிடம் பெயர்ப் பட்டியல் கேட்டால் மாமியார் பெயர் வராது. கணவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.’ வேடிக்கைக்கு எழுதினேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

மேரிம் நடந்துவிட்டாள். இன்று கால்கயிறு வெட்டினோம், நடக்கத் தொடங்கும் பிள்ளைக்குச் செய்யும் சடங்கு.

முற்றத்தில் அவளை நிறுத்தி, கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் கணுக்காலில் எட்டுப் போலக் கட்டினார் மாமியார். பிள்ளைகள் தெருமுனையிலிருந்து ஓடி வர வேண்டும். முதலில் வருபவர் கையில் கத்தி. பதினோரு பிள்ளைகள். யாராவது அவள்மேல் மோதிவிடுவார்களோ என்ற பயத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

திலெக் முதலில் வந்தான். காலணி ஒன்று வழியிலேயே கழன்றிருந்தது. மூச்சு வாங்க மண்டியிட்டு, நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, மெதுவாக நூலை அறுத்தான். “நட தங்கச்சி” என்றான். மூன்று அடி வைத்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா படம் பிடித்துக்கொண்டிருந்தார்.  இப்போதுதான் அனுப்பினார், கூட ஒரு வரி: ‘இதை வச்சுக்கோ. இதுக்கெல்லாம் பூட்டு வேண்டாம்.’

பழக்கதோஷம், தைகனில் போட்டுப் பார்த்தேன். பச்சை. மறைக்க வேண்டிய தகவல் எதுவும் இல்லை.

பிறகு போனில் அந்தப் பதினொரு வினாடியைத் தேடி எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். எதுவும் எழுதவில்லை. இரண்டு நீலக் குறி விழுந்தது.  துவைத்த துணியை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

பதில் வந்தது.

‘நாலு தடவை கேட்டேன். அப்பவே இவ்வளவு சத்தமா? இவரும் கேட்டாரு. இன்னும் இருந்தா அனுப்பு.’