தாய் மட்டும் உள்ள குடும்பம்

ஜூன் 4

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குத்தான் வழி தெரியவில்லை. உதவித்தொகைப் பிரிவில் இருக்கும் மேடம் பொறுமைசாலி. எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொன்றாக விளக்கினார். அரசு உதவி வேண்டுமானால் குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓவர்டைம் சேர்ந்தால் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. மதிப்பெண்ணுக்கான உதவி மயிரிழையில் போச்சு. வங்கிக் கடனுக்கு, சொத்து உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சொந்தத்தில் சொத்து உள்ளவர்கள் எல்லோரிடமும் அப்பா எப்போதோ சண்டை போட்டு முடித்துவிட்டார்.

மேடம் பேனாவை மூடினார். "உங்க அப்பா சம்பளம்தாம்மா இடிக்குது."

ஜூன் 5

அதை அப்பாவிடம் அப்படியே சொல்லித் தொலைத்தேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். வீடு கப்சிப்.

ஜூன் 9

அப்பா இன்னும் பேசவில்லை. படிக்கட்டில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மா டிவியை அணைக்கிறாள். வழக்கம்தான்.

ஜூன் 12

அவரே பேசினார். இன்று லிஃப்ட் பார்க்கப் போன கட்டடத்தில் ஒரு அறக்கட்டளை இருக்கிறதாம். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கும், அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் முழுப் படிப்புச் செலவும் தருகிறார்கள். பார்சல் கம்பெனியில் அம்மா வாங்கும் சம்பளத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்.

"நான் ஓடிப்போயிட்டேன்னு எழுது."

"விளையாடாதீங்கப்பா."

"குடிகாரன்னும் போட்டுக்கோ. ஓடுறதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

என் அப்பா குடித்ததே இல்லை. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குப் பொய் என்றால் பயம்.

ஜூன் 16

குடியிருப்புச் சங்கச் செயலாளரின் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். அப்பா எங்கள் கட்டடத்து லிஃப்டை ஓசியில் சரிசெய்து கொடுத்து, கையெழுத்தை வாங்கி வந்துவிட்டார். தான் ஓடிப்போனதற்குத் தானே போய்ச் சாட்சி வாங்கி வந்த மனிதர் உலகத்திலேயே என் அப்பாதான்.

ஜூன் 20

அறக்கட்டளை ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம். அதனால் அப்பா தன் லிஃப்ட் கம்பெனிக் கிடங்குக்கு மேலே உள்ள அறைக்குப் போய்விட்டார். சட்டைகள், ஷேவிங் பிரஷ், கல்யாணப் படம் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டன. "ரெண்டு வாரம்தான்" என்றார்.

ஒரு ஆளை இவ்வளவு சுலபமாகத் துடைத்து எடுத்துவிட முடியுமா?

ஜூலை 2

யாரும் வரவில்லை. கதவு தட்டினாலே தூக்கிவாரிப் போடுகிறது. இன்று தட்டியது கேஸ்காரர்.

ஜூலை 11

வந்துவிட்டார்கள். ஒரு அம்மா, கையில் குடை. குளியலறை வரை எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். நாங்கள் ஒத்திகை பார்த்தது இரண்டே வரி: குடிப்பார், ஒருநாள் போனவர் திரும்பி வரவில்லை.

அம்மா குடியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"கை நீட்டினதில்லைங்க. பேச மாட்டார். எங்க அக்கா வீட்டுக்குப் போன இடத்துல இவளுக்குக் காய்ச்சல் வந்து, ஒரு ராத்திரி அங்கயே தங்கிட்டேன். அதுக்கு ஒரு மாசம் என் முகத்தைப் பார்க்கல. 'உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னு இவகிட்டதான் பேசுவார். அதோட அக்கா வீட்டுக்குப் போறதையே விட்டுட்டேன். சத்தமா சிரிச்சாக்கூட என்ன சிரிப்புன்னு கேப்பார்."

தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அம்மா குடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்னமா நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த ஒரு மாதமும் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சேதி சொன்னவள் நான்தானே!

ஜூலை 12

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பொய் சொல்ல வரலடி."

ஜூலை 29

கிடைத்துவிட்டது! முழுக் கட்டணமும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி வந்து பார்ப்பார்களாம். ரெண்டு வாரம் என்று சொல்லிவிட்டுப் போன மனுஷர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? போனில் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "சரி, படி" என்றார்.

செப்டம்பர் 14

ஃபேன் ரிப்பேருக்கு வந்த ஆள் மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டதுமே அம்மாவின் கை ரிமோட்டைத் தேடியது. அப்பா இளைத்திருக்கிறார். விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். புதுத் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு, "இது யார் வாங்கினது?" என்றார்.

அது பெரியம்மா வாங்கித் தந்தது; அம்மாவின் அக்கா, அப்பா போனதிலிருந்து வந்து போகிறாள். அம்மா வாயைத் திறப்பதற்குள், "நான்தான்ப்பா" என்றேன். ஏன் முந்திக்கொண்டேன்? யாரும் சொல்லச் சொல்லாமலே பொய் வந்துவிட்டது.

டிசம்பர் 7

பெரியம்மா வந்து தங்கியிருக்கிறாள். அடுப்படியில் அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அம்மாவுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்கப் பயமாக இருக்கிறது. அங்கே அப்பா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்காகத்தானே போனார்? ஆனாலும் அந்தச் சிரிப்பு நின்றுவிடக் கூடாது என்றும் இருக்கிறது. நான் என்ன பிறவி?

பிப்ரவரி 22

அப்பா போனில் கேட்டார்: "நான் வர்றதைப் பத்தி அம்மா ஏதாவது சொன்னாளா?" இல்லை என்றேன்.

மே 17

குடை அம்மா கூப்பிட்டார். என் மதிப்பெண்கள் நன்றாக இருக்கின்றனவாம். படிப்பு முடியும்வரை பணம் வந்துவிடும். இனி யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். "உங்கம்மாவை நிம்மதியா இருக்கச் சொல்லும்மா."

ஓடிப்போய்ச் சொன்னேன். "அம்மா, இனிமே யாரும் வந்து பார்க்க மாட்டாங்க! அப்பா வந்துடலாம்!"

காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள். பட்டப்பகலில்.

மே 19

அப்பா கூப்பிட்டார். கிடங்கு அறையில் புழுக்கம் தாங்கவில்லையாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்த அம்மா இன்னும் வருவாங்களாம்மா?" என்று கேட்டார்.

அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வருவாங்கப்பா" என்றேன். "எப்ப வேணும்னாலும் வருவாங்க."

"சரிம்மா. ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.