இரண்டாவது சத்தம்

மார்ச் 4
மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. வண்டியை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலைக்குள் வருவதற்குள் காலுறை நனைந்துவிட்டது. ஈரக்காலோடு வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, காலில் துணி உறை எல்லாம் மாட்டிக்கொண்டு நிலாக் கலத்தைக் கட்டும் அறைக்குள் நுழைந்தோம். மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் போல இருந்தோம். நாளை மறுநாள் கலத்தைப் புரட்டுகிறோம்.

மார்ச் 6
புரட்டியாயிற்று. நிம்மதியாக எழுத வேண்டிய நாள். இல்லை.

நிலாவிலிருந்து மேலேறி வரும் பகுதியை, ஆட்கள் இருவர் நிற்கும் அந்தக் குட்டி அறையை, இரும்புச் சட்டத்தில் பூட்டித் தலைகீழாகச் சுற்றுவோம். மாதக்கணக்கில் அதற்குள் ஏறி இறங்கி வேலை பார்த்திருக்கிறோம். எவ்வளவுதான் கருவிகளை மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு போனாலும், திருகோ கம்பித் துணுக்கோ எங்காவது தங்கிவிடும். இங்கே என்றால் அது மூலையில் கிடக்கும். விண்வெளியில் எடை கிடையாது, மிதக்கும். சுவிட்சுகளுக்குப் பின்னால் போய் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. அவர்களைத் திரும்பக் கொண்டுவர இருப்பது ஒரே எஞ்சின்.

கூட வேலை பார்க்கும் மல்காஹி சட்டத்தைச் சுற்றினான். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டிக். பிறகு இன்னொரு டிக். கீழே விரித்திருந்த துணியில் ஒரு வாஷர் வந்து விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"இன்னொண்ணு எங்க?" என்றேன்.

"எது இன்னொண்ணு? விழுந்தது எகிறியிருக்கும், காஸ். ஒரு வாஷருக்கு ரெண்டு சத்தம் வரக்கூடாதுன்னு சட்டமா?" என்றான் மல்காஹி.

வரலாம். ஆனால் இரண்டாவது சத்தம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. வாஷர் விழுந்தது வலப்பக்கம்.

மார்ச் 7
மறுபடி புரட்டச் சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. மேலாளர் பிராண்ட் கடிகாரத்தைக் காட்டினார். "இது என்ன ஒன் வீட்டு அலமாரியா, ஆற அமரத் தட்டிப் பாக்க? எடுத்துட்டுப் போக விமானம் வந்து நிக்கப் போகுது. கையெழுத்தப் போடு."

"சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுக்கறது நான். நாளைக்கு இன்னொரு தடவ சுத்தணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் சோறு கிடைக்காது போலிருந்தது. ஆனாலும் சரி என்றார். ஆள் கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

வீட்டில் மனைவி பெர்னடெட்டிடம் சொன்னேன். "சோபாவுக்கு அடியில ஒன் காலுறை எத்தன நாளாக் கெடக்குது, அதக் குனிஞ்சு எடுக்க ஒனக்கு இடுப்பு வளையல. அங்க போயி ரூமையே கவுத்துப்போட்டு வாஷர் தேடறியாக்கும்" என்றாள். நியாயம் அவள் பக்கம்.

மார்ச் 8
மல்காஹி இந்த முறை எதிர்ப்பக்கமாக, அங்குலம் அங்குலமாகச் சுற்றினான். காற்றாடிகளை நிறுத்தினோம். பிராண்ட்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். யாருடைய வயிறோ உறுமியது, அது மட்டும்தான் கேட்டது. பிறகு நான் உள்ளே ஊர்ந்து போய் விளக்கும் சிறு கண்ணாடியும் வைத்து ஒவ்வொரு சந்தாகப் பார்த்தேன். சுவர் தகரத்தாள் மாதிரி மெலிசு, முழங்கையை ஊன்றவே பயம்.

ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 10
கலம் விமானத்தில் ஏவுதளத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 19
கேட்டேனா இல்லையா? எனக்கு என்ன, காது கெட்டுப்போச்சா? கேட்டுச்சு. இடப்பக்கம்தான் கேட்டுச்சு. இல்ல, பயந்தவன் காதுல எல்லாம்தான் கேக்கும். தெரியல. போதும்.

அக்டோபர் 9
இறங்கிவிட்டார்கள். பெர்னடெட் அழுதாள். நான் அழவில்லை. நிலாவில் இறங்குவது பாதிதான்.

அக்டோபர் 11
இன்று மேலேற வேண்டும். அந்த எஞ்சினை இதுவரை யாரும் எரித்துப் பார்த்ததில்லை. ஒருமுறை எரித்தால் எரிபொருள் உள்ளே அரித்துவிடும், பிறகு பறக்க லாயக்கில்லை. அதனால் அது முதன்முதலாக எரிவதே நிலாவில்தான். அது எனக்குத் தெரிந்த பயம், எல்லாருக்கும் உள்ள பயம். என்னுடைய தனிப் பயம் வேறு. எங்கயோ ஒரு சின்னத் துண்டு, நான் விட்டது, சுவிட்சுக்குப் பின்னால—

சாயங்காலம்: ஏறிவிட்டார்கள். மூன்றாமவர் காத்திருந்த தாய்க்கலத்தோடு சேர்ந்துவிட்டார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெர்னடெட் கையைப் பிடித்துத் தூக்கினாள். வாயில் பச்சைத் தண்ணீர் இறங்கியது இப்போதுதான்.

அக்டோபர் 14
கடலில் இறங்கிவிட்டார்கள். மூவரும் நலம். பேக்கரியில் பெரிய கேக்காக வாங்கிக்கொண்டு போனேன். பிராண்ட் மூன்று துண்டு தின்றார்.

நவம்பர் 20
விண்வெளி வீரர்கள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். கலம் செய்தவர்களுக்குக் கைகொடுத்து நன்றி சொல்வது அவர்கள் வழக்கம். நாங்கள் வரிசையாக நின்றோம். அவர்களின் தலைவர் என் கையைப் பிடித்தபோது விடாமல் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்பது என்று மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்து போயிற்று.

"உள்ள ஏதாவது மெதந்துச்சா சார்?"

"மெதந்துச்சே" என்றார். "மேல கிளம்பி எஞ்சின் நின்னதும் ஒரு மேகமே எழும்புச்சு. கண்ணுல மூக்குல எல்லாம்."

மல்காஹி என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டான்.

"நிலா மண்ணு. நாங்க பூட்ஸ்ல அப்பிக்கிட்டு வந்தது. ஒங்க சாமான் ஒரு துணுக்குகூடக் கெடையாது. துடைச்சு வெச்ச வீடு மாதிரி குடுத்தீங்க, நாங்கதான் நாசம் பண்ணிட்டோம். மன்னிச்சிருங்க."

"ஏன் காஸ்," என்றான் மல்காஹி, "வாசல்ல ஒரு கால்மிதி போட்டிருக்கலாமில்ல?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சோபாவை நகர்த்தினேன். பெர்னடெட் சமையலறை வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். ஒரு காலுறை கிடைத்தது. இரண்டாவதைத் தேடவில்லை.