கடைசிச் சுற்று

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி இப்போது தேவலையா? நான் சுகம். டகோட்டாவில் ஏப்ரலிலும் பனிதான். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு.

சனிக்கிழமை எண்ணெய் முகாமில் டிவி முன்னால் ஒரே சண்டை. பெரிய அணிகள் கல்லூரி ஃபுட்பால் பையன்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நாள்; நம் அணி யாரை எடுக்க வேண்டும் என்றுதான். அயோவாப் பையன் ஒருவனுக்காக நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"முழங்கால் போனவன்டா அவன்! நொண்டிக் குதிரைய எவனாச்சும் வாங்குவானா?" என்றான் சமையல்காரன் க்ளைட்.

"உன் கருகின முட்டையவே நாங்க திங்கலையா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசிச் சுற்றில் நம் அணி அவனைத்தான் எடுத்தது. அணியிலிருந்து வந்த ஃபோனைக் காதில் வைத்தபடியே, டிவியில் தன் அம்மா தோளில் சாய்ந்து அழுதான். நான் முகம் கழுவப் போய்விட்டேன். தம்பி ரோலண்டுக்கும் அதே முழங்கால்தானே அம்மா. அவன் வருஷத்தில் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஃபோன் வராமலே, கடைசிப் பெயரைப் படிக்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தானே.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. தம்பியிடம் இதையெல்லாம் சொல்லாதே. சாப்பிடும்போது இன்னமும் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொள்கிறானா? வைத்துக்கொண்டால், ஏன் என்று கேட்காதே.

உன் மகன்,
ஓடெல்