கேட்காமல் அழித்த சர்வர்

என் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது மூன்று சிடிகள் கிடைத்தன. உறைகளில் உன் குண்டு எழுத்து: முதல் சனி, இரண்டாம் சனி, மூன்றாம் சனி. பார்த்ததும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் உன் மேல்.

கழக்கூட்டம் ஊரில் நாம் வேலை பார்த்த ஆபீசில் மெயில் சர்வர் உன் பொறுப்பு. அதிலிருந்த லினக்ஸ் இயங்குதளம் அரதப் பழசு. சனிக்கிழமைக்கு ஒரு படியாக ஏற்றி, மூன்று வாரத்தில் புதிய பதிப்புக்குக் கொண்டுவரலாம் என்றாய் நீ. படிக்கு ஒரு சிடியும் தயாராக வைத்திருந்தாய். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அரை நாள் வேலை என்றேன் நான்.

"ஓடு மாத்தறதுக்கு யாராவது வீட்டை இடிப்பாளாடி?"

"இது உங்க அக்ரஹாரத்து வீடு இல்ல, சர்வர்."

உன் அப்பா இறந்து ஓராண்டு. வருஷாப்திகத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டாய். பஸ் ஏறும்போதும் சொன்னாய்: "நான் வரது வரைக்கும் அதைத் தொடாதே, கேட்டியா?"

தொட்டேன். மானேஜரிடம் சாமர்த்தியம் காட்ட வேண்டும் என்ற அரிப்பு. எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் ஹோம் டைரக்டரியையும் செட்டிங்குகளையும் நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை அழித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் புதிய லினக்ஸ் ஜம்மென்று ஓடியது. பிறகுதான் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "பழைய மெயில் ஒண்ணும் காணல்லியே?" வந்த மெயில்கள் ஹோமில் இல்லை. வேறொரு டைரக்டரியில் சேர்ந்துகொண்டிருந்தன. அதை நான் நகல் எடுக்கவே இல்லை.

நீ திரும்பி வந்த அன்று மானேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "நான்தான் சார் பண்ணச் சொன்னேன்" என்றாய். யார் உன்னைச் சொல்லச் சொன்னது? நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சர்வரை உன்னிடமிருந்து பிடுங்கி என்னிடமே கொடுத்தார் அந்த மனுஷன். "விடுடி, போனது போயாச்சு" என்று உன் எலுமிச்சை சாதத்தில் பாதியை என் டப்பாவில் வைத்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை.

நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, கரமனையில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அவ அப்பா மஸ்கட்லேருந்து எழுதின மெயில் பூரா அந்த ஆபீஸ்லதான் இருந்தது. அழிஞ்சு போச்சுன்னு ரெண்டு நாள் சாப்பிடல்லை. யாரு பண்ணினதுன்னு கேட்டா, வாயே திறக்கல்லை."

கையிலிருந்த காப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. அன்று நமக்கெல்லாம் இருந்தது ஆபீஸ் மெயில் முகவரி ஒன்றுதான். அப்பாவின் திதிக்குப் போய்விட்டு வந்தவளுக்கு, அவர் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நீயோ எனக்குச் சாதம் போட்டிருக்கிறாய்! ஓங்கி ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? மன்னிப்புக் கேட்கவாவது வழி விட்டிருக்கலாம். என் மேலுள்ள ஆத்திரத்தையும் சேர்த்துத்தான் உன் மேல் கொட்டுகிறேன். வாங்கிக்கொள்.

இப்போதும் சர்வர்தான் என் பிழைப்பு. அப்கிரேடோ, அழித்துப் போடுவதோ, தொடுவதற்கு முன் ஒவ்வொரு மேசையாகப் போய் நிற்கிறேன். "இதுல உங்களுக்கு யாராவது எழுதினது இருக்கா?" என்று கேட்கிறேன். பைத்தியம் என்று சிரிக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்டாயிற்று. உன்னிடம் மட்டும்தான் கேட்கவில்லை.