பத்து ஓவரா, ரெண்டு ஞாயிறா

ஜனவரி 5, திங்கள்

மாளவிகாவைப் பெண் பார்க்க நாகர்கோவில்காரர்கள் அடுத்த மாதம் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். "பெரியப்பன் இல்லாம எப்படி?" என்றாள் உலகம்மை. "பிப்ரவரியில மேட்ச் வருதுல்லா, அங்க வச்சு அண்ணன்ட்ட கேக்கேன்" என்றேன்.

"பொண்ணுக்குச் சம்பந்தம் பேச கிரிக்கெட் மேட்சுக்குக் காத்துக் கெடக்குற தகப்பன உங்களத்தான் பாத்திருக்கேன்" என்றாள்.

இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? அப்பாவின் இரும்புக் கடையை இரண்டாக்கி நடுவில் சுவர் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் அதே கீல், அதே தாழ்ப்பாள், அதே பூட்டுதான் விற்கிறோம். தெருவில் பார்த்தாலும் பேச்சில்லை, கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் பேச்சில்லை. மேட்சில் மட்டும்தான்.

எங்கள் சாலை பஜார் கடைக்காரர்களுக்கும் தம்பானூர் லாட்ஜ்காரர்களுக்கும் வருஷா வருஷம் நடக்கிற மேட்ச் அது. ஞாயிறு மட்டும்தானே கடை அடைப்பு? அதனால் முதல் இன்னிங்ஸ் ஒரு ஞாயிறு, இரண்டாவது இன்னிங்ஸ் அடுத்த ஞாயிறு. கீப்பரை ஒட்டி ஸ்லிப்பில் நான், எனக்கு அடுத்தாற்போல் அண்ணன். சுவர் வருவதற்கு முன்பிருந்தே அந்த இடங்கள் எங்களுடையவை, அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பந்து வரும்போது குனிய வேண்டும், போனபிறகு சும்மா நிற்க வேண்டும். நாள் முழுக்க மனுஷன் எப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பான்? "வெயிலு என்னா அடி அடிக்கு" என்று அவன் ஆரம்பிப்பான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, முன்னால் பார்த்துக்கொண்டே பேசலாம். அதெல்லாம் பேச்சுக் கணக்கில் சேராது. மாளவிகாவை என்ஜினீயரிங் சேர்த்ததுகூட அங்கே நின்று எடுத்த முடிவுதான்.

ஜனவரி 8, வியாழன்

வியாபாரிகள் சங்கத்தில் மேட்ச் கமிட்டி கூட்டம். மலையாளம் கலந்து பேசும் பெயின்ட் கடை சுனில்தான் எங்கள் கேப்டன். இந்த வருஷத்திலிருந்து பத்து ஓவர் மேட்ச் என்று ஒரு யோசனை வந்திருப்பதாகச் சொன்னான். "லிங்கண்ணா, காலம் மாறிப்போச்சு கேட்டோ. போன வர்ஷம் ரெண்டாவது ஞாயிறு ஆட்டம் பாக்க வந்தது நாலு பேரும் ஒரு நாயும். நாயும் ஊணு நேரத்துல போயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் யோசனை யாருடையது என்று கேட்டேன்.

அண்ணனுடையது!

நம்ப முடியவில்லை. ஒரு வருஷம் நாங்கள் தோற்கிற கட்டத்தில், மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை மட்டையை ஊன்றி நின்று டிராவில் முடித்தவன் அவன். "அடிக்கத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு இருக்கான். பந்த விடத் தெரியணும்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவனா பத்து ஓவர் கேட்கிறான்?

கமிட்டியில் இரண்டு பேர் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். மிச்சம் நான். இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். அண்ணன் கூட்டத்துக்கு வரவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

ஏன்? அவன் ஏன் கேட்கிறான்?

ஜனவரி 11, ஞாயிறு

மாளவிகாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பத்து ஓவர் போதும்ப்பா. உங்க மேட்ச்ல கடைசி ஆளுக்கு ஒரு பந்துகூட கெடைக்காது. பெரியப்பா உள்ள போனா வெளிய வரவே மாட்டாங்க. ரெண்டு ஞாயிறு வெயில்ல நின்னுட்டு கடைசில டிரான்னு கைகுடுத்துட்டு வந்தா, அது என்ன ஆட்டம்ப்பா?"

நான் விடவில்லை. இரண்டு ஞாயிறு என்றால் இன்றைக்குப் போனது அடுத்த வாரம் திரும்பக் கிடைக்கும். முதல் ஞாயிறு பூஜ்யத்தில் அவுட் ஆனவன் ஒரு வாரம் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பான், அடுத்த ஞாயிறு அவனே ஆட்டத்தைக் காப்பாற்றுவான். பத்து ஓவரில் தப்பு செய்தால் செய்ததுதான், திருத்திக்கொள்ள நேரம் ஏது? இப்படியெல்லாம் நன்றாகத்தான் பேசினேன்.

சாயந்திரம் டிவியில் ஏதோ ஒரு இருபது ஓவர் மேட்ச். கடைசி ஓவரில் ஒருத்தன் சிக்ஸர் தூக்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். மாளவிகா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்கு எது பிடித்திருக்கிறது? நெடிய மேட்சா, இல்லை அதில் கிடைக்கிற அந்த ஸ்லிப்பா? சத்தியமாகத் தெரியவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. போன வருஷம் ஸ்லிப்பில் நின்று, "அப்பா திவசத்த இனிமே சேந்தே செய்வோமாண்ணே" என்று வாயெடுத்தேன். பதில் சொல்லாமல் அம்பயரிடம் கை காட்டிவிட்டு மைதானத்தை விட்டுப் போய்விட்டான். திரும்பி வந்தான். மறுபடி எடுத்தேன், மறுபடி போனான். கடையிலிருந்து போன் வந்திருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையிலிருந்து போன் வரும்? மடையன் நான்.

அப்படியானால் இதுதான் விஷயம். என் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. பத்து ஓவரில் ஸ்லிப் எவன் வைக்கப்போகிறான்? எல்லோரையும் பவுண்டரிக் கோட்டோரம் துரத்திவிடுவார்கள். அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. சுவரை மைதானத்துக்கும் தூக்கிக்கொண்டு வருகிறான்.

வரட்டும். நான் ரெண்டு ஞாயிறுக்குத்தான் கை தூக்குவேன். நிக்கட்டுமே என் பக்கத்துல. பேசாட்டா போறான். நிக்கணும்!

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அண்ணன் வீட்டிலிருந்து பார்வதி மதினி தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தாள். பாத்திரத்தை வெறுமனே அனுப்பக் கூடாதென்று உலகம்மை வடை வைத்து அனுப்பினாள். பெண்களுக்குச் சுவர் கிடையாது. கிறுக்கு எங்கள் இரண்டு பேருக்கும்தான்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் பிராக்டிஸ். மூன்று மணி நேரமாவது பயிற்சி வேண்டுமென்று சுனில் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தான். அண்ணனும் வந்திருந்தான். கேட்ச் பிடிக்கப் பழகுவதற்கு எங்களைப் பழைய இடத்திலேயே நிறுத்தினான் சுனில். நாகர்கோவில் விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அண்ணே, மாளவிகாவுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

போய்விட்டான். அதே மாதிரி, பாதியில், விறுவிறு என்று பெவிலியனுக்குப் பின்னால்.

எனக்கு வந்த கோபம்! இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நானும் பின்னாலேயே போனேன். "என்னயக் கண்டா ஏம்ண்ணே ஓடுத?" என்று கேட்க வேண்டும், அதைத் தவிர மண்டையில் ஒன்றுமில்லை.

அங்கே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, நெற்றியை அந்தக் கையில் சாய்த்துக்கொண்டு. நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். எனக்குத் திரும்பிப் போகவும் தெரியவில்லை, கூப்பிடவும் தெரியவில்லை. ஒருவழியாகத் திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான்.

அவன்தான் சொன்னான். "புராஸ்டேட்டாம்ல. டாக்டரு மாத்திர குடுத்திருக்காரு. முக்கா மணி நேரத்துக்கு மேல தாங்காது. சில நேரம் அதுவும் கெடையாது." பக்கத்துக் குழாயில் கையைக் கழுவினான். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "பத்து ஓவர்னா நின்னுருவேன்லா, லிங்கம்."

நான் என்ன சொன்னேன்? "ம்" என்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் அண்ணன் ஒரு வார்த்தை பேசுகிறான், எனக்கு வாயில் "ம்" தான் வந்தது.

ஜனவரி 19, திங்கள்

கடையில் மத்தியானம் பின்பக்கம் பாத்ரூமுக்குப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா காலத்தில் கடைக்கு ஒரே பாத்ரூம். பின்னால் ஒரு ஓரத்தில் இருந்தது. சுவர் வைத்தபோது அது என் பக்கம் வந்துவிட்டது. முன்பக்க வாசல் யாருக்கு, போர்டு யாருக்கு என்று எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டினோம். இதை ஒருத்தனும் நினைக்கவில்லை. ஆறு வருஷமாக அவன் தெருமுனை ஹோட்டலுக்குப் போய் வருகிறான். கூட்ட நேரத்தில் அங்கேயும் வரிசை நிற்கும். காலையில் அவன் அந்தப் பக்கம் வேகமாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணாச்சிக்குக் கடையில இருப்புக் கொள்ளல, டீ குடிக்க ஓடுதாரு" என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

வீட்டில் உலகம்மையிடம் சொன்னேன். "மதினி போன மாசமே சொன்னா. கடையில தண்ணியே குடிக்கிறதில்லையாம் மனுஷன். ராத்திரி வீட்டுக்கு வந்துதான் செம்பு செம்பாக் குடிக்காராம்" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அண்ணன் பேரு எடுத்தாலே எந்திரிச்சுப் போறவரு நீங்க. நின்னு கேட்டீங்களா?"

ஜனவரி 20, செவ்வாய்

பத்து ஓவருக்குக் கை தூக்கினேன். எனக்கே விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன், விளங்கத்தான் செய்கிறது. ஆனால் பெரிய மேட்சு வேண்டும் என்று நின்ற இரண்டு பேரும் என்னைக் கட்சி மாறினவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். "லிங்கண்ணனும் மாடர்ன் ஆயிட்டாரு" என்று சுனில் கைதட்டினான்.

என்ன காரணம் சொல்வது? மத்தியானத்துக்கு முன் முடிந்துவிடும், வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போகலாம் என்றேன்.

ரெண்டு ஞாயிறு என்றால் அண்ணனால் நிற்க முடியாது. பத்து ஓவர் என்றால் என் பக்கத்தில் நிற்க மாட்டான். இதில் எது நல்லது?

ஜனவரி 26, திங்கள்

என் கடையின் பின்பக்கம் சந்துக்கு ஒரு கதவு இருக்கிறது. அது வழியாக வந்தால் யார் கண்ணிலும் படாமல் பாத்ரூமுக்கு வரலாம். ஆனால் எப்படிச் சொல்வது? "அண்ணே, என் கக்கூஸுக்கு வாண்ணே" என்றா? அவனுடைய ரோஷத்துக்கு, தெருமுனை ஹோட்டலையும் விட்டுவிட்டுத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாலும் நடப்பான்.

மேட்சில் சொல்லலாம் என்றால் ஸ்லிப் இல்லை. நானே கை தூக்கி இல்லாமல் ஆக்கியது.

பிப்ரவரி 1, ஞாயிறு

நேற்று காரியவட்டம் ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்துவிட்டு வந்த மாளவிகாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாகர்கோவில்காரர்கள் 22-ஆம் தேதி வருகிறார்களாம். அதை அவள் சைகையில் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேட்ச். தோற்றோம். சுனில் சொன்னது சரிதான், கூட்டம் இருந்தது. பெண்கள், பிள்ளைகள், பாட்டு, ஐஸ்கிரீம் வண்டி. தம்பானூர்காரர்கள் அடித்த அடியில் இரண்டு பந்து வெளியே ரோட்டுக்குப் போய்விட்டது. நல்லாத்தான் இருந்தது. நல்லா இருக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், நல்லாத்தான் இருந்தது.

அண்ணனை அந்தக் கோடிக் கோட்டோரம் நிறுத்தினார்கள், என்னை இந்தக் கோடியில். இடையில் மைதானம் முழுவதும். கத்தினாலும் கேட்காது. ஆனால் பத்து ஓவரும் நின்றான். அவன் பக்கம் வந்த பந்தைக் காலால் தடுத்து எறிந்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அந்தச் சந்தோஷம் இங்கிருந்தே தெரிந்தது.

பேட்டிங் வந்தபோதுதான் வேடிக்கை. மூன்று பந்து மிச்சம் இருக்கிறது, வந்த முதல் பந்தை அடிக்காமல், மட்டையைத் தூக்கிக்கொண்டு விட்டுவிட்டான்! பத்து ஓவர் மேட்சில்! கூட்டம் ஊளையிட்டது. மாளவிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் மட்டும் எழுந்து நின்று கைதட்டினேன். அடுத்த பந்தில் போல்ட்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவன் பைக்கில் ஏறிப் போய்விட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறும் கிடையாது.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் அண்ணன் கடைப் படியில் ஏறினேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

"ஒரு பூட்டு வேணும்" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தான். "ஒங்கடையில பூட்டு இல்லியோ?"

"இருக்கு. நல்ல பூட்டு இல்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன். எடுத்து வைத்தான். இரண்டு சாவி இருந்த வளையத்திலிருந்து ஒன்றைக் கழற்றி அவன் மேஜையில் வைத்தேன். "பின்னால சந்துக் கதவுக்குப் போடப்போறேன். ஒண்ணு ஒங்கிட்ட இருக்கட்டும். நான் தொலச்சாலும் தொலச்சிருவேன்" என்றேன்.

அவன் சாவியையும் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

ஒன்றுமில்லை. தெருமுனை ஹோட்டல் பக்கம்தான் போனான். தப்பாகிவிட்டதோ?

பிப்ரவரி 13, வெள்ளி

பாத்ரூமில் நான் வைத்த இடத்தில் வாளி இல்லை. குழாய்க்கு அடியில் நேராக, நிரம்ப, மேலே கப்பைக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்பா வைக்கிற மாதிரி.

பிப்ரவரி 19, வியாழன்

பதினோரு மணி இருக்கும். சந்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தினமும் கேட்பதுதான், நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு மறுபடி கதவுச் சத்தம் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் முன்பக்கமாக வந்தது. என் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று ரோட்டைப் பார்த்தான்.

"வெயிலு என்னா அடி அடிக்கு" என்றான்.

"ஆமா" என்றேன், நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

மேட்சில் அந்த முதல் பந்தை அவன் விட்டிருக்கக் கூடாது என்றேன். வெளியே போகிற பந்தை அடிக்கச் சொல்லி எந்த மடையன் சொல்லிக் கொடுத்தான் என்று கேட்டான். மூன்றே பந்து இருக்கும்போது உள்ளே என்ன, வெளியே என்ன என்றேன். அதற்கு அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன். தாழ்ப்பாள் கேட்டு வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவராகவே எடுத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு தடவை பின்பக்கம் போனான். போய்விட்டு வந்து அதே இடத்தில் நின்றான். "ஞாயித்துக்கிழம நாகர்கோயில்லேருந்து ஆளு வருதாமே. எத்தன மணிக்கு?" என்றான்.

"பத்து மணிக்கு" என்றேன். உள்ளே இருந்த கடைப் பையனைக் கூப்பிட்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னேன்.

"நாற்காலி எதுக்குல, நிக்கேன்" என்றான்.